பதினான்காம் இருக்கையின் கொட்டாவிகள்

அந்த மாதமும் மையத்திலேயே அதிகமாகக் கொட்டாவி விட்டவள் மாதேஸ்வரிதான் என்று அறிக்கை வந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கொட்டாவிகள்.

மேற்பார்வையாளர் லோகநாதன் நல்ல மனிதர். அதை எல்லார் முன்னாலும் படிக்கவில்லை. பதினான்காம் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா? தூக்கம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாத் தூங்குறேன் சார்."

"பதினோரு மணிக்கு இன்னொரு டீ குடுக்கச் சொல்றேன். மேலிடத்துல கேக்குறாங்க, பக்கம் பார்க்கிறவங்களுக்கே இவ்வளவு சலிப்பா இருந்தா எப்படின்னு."

மாதேஸ்வரி தலையாட்டி வைத்தாள். கொட்டாவி விட்டதாக அவளுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. ஆனால் எண்ணிச் சொல்வது இயந்திரம். அதனோடு யார் மல்லுக்கு நிற்பது?

பென்னாகரத்தில் ஒரு காலத்தில் பட்டுக்கூடு ஏலம் விட்ட கூடம் அது. இப்போது முப்பத்தோரு இருக்கைகள், முப்பத்தோரு திரைகள். ஒவ்வொரு திரையின் உச்சியிலும் மிளகு அளவில் ஒரு கண். அந்தக் கண்ணுக்குப் பெண்கள் வைத்த பெயர் மாமியார். திரையில் ஒரு பழைய இணையப் பக்கம் வரும். நாற்பது வினாடி பார்க்க வேண்டும். பிறகு அடுத்தது. மாமியார் என்ன தீர்ப்பு எழுதினாள் என்பது பார்த்தவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டுமென்றே சிரித்துவிடுவார்களாம்.

மாதேஸ்வரிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முப்பத்து நான்கு வயதில், பெங்களூரு பக்கம்கூடப் போகாதவள், தினமும் உலகத்தையே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கடற்கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்புகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரன் தேடி விளம்பரம் எழுதியிருந்தார் ஒருவர். "இடது கால், வயது மூன்று, நீல வார். குதிகால் சற்றுத் தேய்மானம். வலது கால் தேவை, நிறம் தடையில்லை." பனி பெய்யும் தேசத்தில் ஒருவர் தன் ஊரிலுள்ள பூங்கா பெஞ்சுகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டிருந்தார். ஒரு பெஞ்சுக்கு மட்டும் பூஜ்யம். காரணம், அதில் உட்கார்ந்தால் பழைய காதலியின் வீடு தெரிகிறதாம். இன்னொரு பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினால், "நன்றி, இன்றைக்கு இது போதும்" என்றது.

மத்தியான சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொல்லிக் காட்டுவாள். யாரிடமும் அதிகம் பேசாதவள், டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டால் மட்டும் வேறொருத்தி ஆகிவிடுவாள். அன்றைக்கும் செருப்புக் கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குதிகால் தேய்மானம்னு சொல்லியே குடுக்குறானே, நாணயஸ்தன்" என்றாள் ஷபானா. "என் வீட்டுக்காரரு தலையில முடி இல்லன்றதைக்கூட நிக்காஹ் அன்னைக்குத்தான் சொன்னாங்க."

சலோமிக்குப் புரையேறியது. மூன்று பேரும் குலுங்கினார்கள். மூன்று பேரின் கையும், சொல்லி வைத்தாற்போல, வாய்க்குப் போனது. ஷபானா முக்காட்டின் நுனியால் பொத்திக்கொண்டாள். மாதேஸ்வரி துப்பட்டாவையே வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். வெட்கம் பாதி, தண்ணீர் மீதி. அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது குடித்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு. பால்பல் விழுந்து முளைத்த பல்லே காவி படிந்துதான் முளைத்தது. இப்போது குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. ஆனால் பல் ஒரு முறைதானே முளைக்கும். மாதேஸ்வரியைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு கொஞ்சம் சிரிக்கட்டும், பார்க்கலாம்" என்றாள். அவள் சிரித்தாள். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவள் பல்லை அம்மாகூடப் பார்த்ததில்லை.

லோகநாதன் ஒரு மனிதரை அழைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. கையில் மடித்த காகிதம்.

"இவர் பேரு அருள்மணி. தர்மபுரியில இருந்து வர்றார். கண்டக்டரா இருந்தவர். ஒரு பக்கத்தைத் தேடி வந்திருக்கார். நான் ஆபீஸ் ரூம்ல போய்ப் பார்த்துட்டு வரேன், ஒரு வாய் தண்ணி குடுங்க."

கண்டக்டர் என்ற வேலை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவர் ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோல் காலை அகட்டி, கம்பி இல்லாத இடத்தில் கம்பியைத் தேடி நின்றார். ஷபானா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இங்க என்னாதாங்க வேலை? வாட்ச்மேனைக் கேட்டா, சிரிக்கிற வேலைன்றாரு. கிண்டல் பண்றாரோன்னு நெனச்சேன்."

"கிண்டல் இல்லீங்க, நிஜந்தான்" என்றாள் ஷபானா. "எழுதி வச்சதையெல்லாம் காப்பாத்தி வைக்க இனிமே கரண்டும் இல்ல, மிஷினைக் குளிர வைக்கத் தண்ணியும் இல்லன்னுட்டாங்க. பத்து வருஷமா யாருமே தொறக்காத பக்கத்தை அழிச்சிடறதுன்னு உலகம் பூராச் சட்டம். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு மனுசங்க கண்ணுல காட்டணும். பார்த்தவங்க நெஜமாச் சிரிச்சா பக்கம் பொழச்சுது. இல்லன்னா போச்சு."

"அதை மிஷினே பார்த்துச் சொல்லாதுங்களா?"

"எல்லாம் தெரிஞ்ச மிஷினுக்கு எதுக்குச் சிரிக்கிறதுன்னு மட்டும் தெரியலையாம். அதுக்குத்தான் எங்களைக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கு. நீங்க எந்தப் பக்கத்தைத் தேடறீங்க?"

அவர் காகிதத்தை விரித்து மேசைமேல் வைத்தார். "என் சம்சாரம் எழுதினது. அம்சவேணி. தவறிப்போயிப் பதினோரு வருஷம் ஆவுது. இப்படி ஒண்ணு எழுதினான்னே எனக்குத் தெரியாதுங்க. போன மாசம் ஒரு கல்யாணத்துல மச்சினிச்சி சொன்னா. வீட்டுக்கு வந்து தேடினா, 'பென்னாகரம் மையத்தின் ஆய்வில் உள்ளது'ன்னு வருது."

காகிதத்தில் பக்கத்தின் பெயர் இருந்தது: "கண்டக்டர் தூக்கத்தில் சொன்னவை."

மாதேஸ்வரியின் கையிலிருந்த சோற்று உருண்டை டப்பாவுக்குள் விழுந்தது. அது அவள் பார்த்த பக்கம். சரியாக ஒரு வாரம் இருக்கும். கணவன் தூக்கத்தில் உளறுவதையெல்லாம் ஒரு மனைவி தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க. மாடு மட்டும் படிக்கட்டுல நிக்கட்டும்."

அதன்கீழே மனைவி எழுதியிருந்தாள்: "மாட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டேன். கண்ணைத் தொறக்காமலே, 'அது பாஸ் வச்சிருக்குது' என்றார்."

அன்று மாதேஸ்வரி சிரித்த சிரிப்பில் துப்பட்டா எச்சிலால் நனைந்துபோனது. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மேசைக்கடியில் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்று அவளே வாயைத் திறந்தாள். "நான்தான் பார்த்தேன். பயப்படாதீங்க. அதுக்கு நான் அவ்வளவு சிரிச்சேன்."

அந்த மனிதரின் முகம் அப்படியே விரிந்தது. அப்போதுதான் லோகநாதன் திரும்பி வந்தார். அவர் முகம் சரியில்லை.

"நீக்கத்துக்குப் போயிருக்கு. ஏழு நாள் கெடு. இன்னைக்கு நாலு மணிக்கு அழிஞ்சிடும்."

"இருக்காது சார்" என்றாள் மாதேஸ்வரி.

"காரணம் போட்டிருக்கும்மா. பதினாலாம் இருக்கை. நாப்பது வினாடியில மூணு கொட்டாவி."

 பிறகு லோகநாதன் மூன்று பெண்களையும் தன் அறைக்குக் கூட்டிப்போய், மாமியார் எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்தார். முதல் படத்தில் கண்களை இறுக்கி மூடி, துப்பட்டாவை வாய்மேல் அழுத்தியபடி மாதேஸ்வரி. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் அவள் உச்சந்தலைதான் தெரிந்தது. மூன்றின் கீழும் ஒரே சொல், கொட்டாவி. வாயைப் பொத்தினால் கொட்டாவி என்று யாரோ எங்கோ இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

லோகநாதன் வேறு இருக்கைகளைத் திறந்தார். ஷபானா, முக்காட்டு நுனியோடு. சலோமி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு. பக்கம் பக்கமாகக் கைகளும் முந்தானைகளும். எல்லாம் கொட்டாவி.

"மையம் தொறந்ததுலருந்து ரெண்டு வருஷமா இப்படித்தானா சார்?" என்று கேட்டாள் ஷபானா.

"ரெண்டு வருஷமா."

"அப்ப எதையெல்லாம் வச்சிருக்கு இந்த மாமியா?"

அவர் பட்டியலைப் பார்த்தார். "சூரிய உதயம் நிறைய இருக்கு. கைக்குழந்தை, பூனைக்குட்டி. காலை வணக்கம்னு எழுதின ரோஜாப்பூ."

அவையெல்லாம் இலேசாகப் புன்னகைக்க வைத்தவை. அதற்குக் கை தேவைப்படவில்லை. வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த ஒவ்வொன்றையும் அவர்களே அழிக்க அனுப்பி வைத்திருந்தார்கள். செருப்பு மாப்பிள்ளையும் போயிருப்பான், பெஞ்சுக்காரரும் போயிருப்பார். சலோமி மூலையில் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"போனது போச்சு" என்றார் லோகநாதன். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது குரல். "நான் டீயைக் கூட்டிக் குடுத்தேன் பாருங்க." பிறகு நிமிர்ந்தார். "இந்த ஒண்ணைக் காப்பாத்தலாம். மறுபார்வைன்னு ஒரு வழி இருக்கு. முதல்ல பார்த்தவங்களே நாலு மணிக்குள்ள திரும்பப் பார்க்கணும். முகம் முழுசாத் தெரியணும். மெய்யாச் சிரிக்கணும். இன்னொண்ணும் இருக்கும்மா, அதைச் சொல்லாம உங்களை உக்கார வைக்க எனக்கு இஷ்டம் இல்ல."

"சொல்லுங்க சார்."

"மறுபார்வையில பொழச்ச பக்கத்துல, சிரிச்சவங்க படத்தை அடியில போடுவாங்க. சாட்சிக்கு. யார் தொறந்தாலும் தெரியும். எப்பவும் இருக்கும்."

மாதேஸ்வரியின் நாக்கு தானாகவே முன்பற்களைத் தடவியது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், அருள்மணி முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்து, பஸ்ஸைத் தவறவிட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்தேன் என்று அவரிடம் சொன்னது அவள்தான்.

"உக்காரறேன் சார்" என்றாள்.

அருள்மணி பெயரில் மறுபார்வை கேட்டு எழுதி அனுப்பி முடிக்கையில் மணி மூன்றேகால். லோகநாதன் அறைத் திரையின் மாமியார்முன் உட்கார்ந்து, துப்பட்டாவைக் கழற்றி ஷபானாவிடம் கொடுத்தாள். பக்கம் திறந்தது. மாடு வந்தது, பாஸ் வந்தது. சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு எதிர்பாராமல் மடியில் வந்து விழுந்தது, இன்றைக்குத் தேடினால் எங்கே கிடைக்கும்? உதட்டை இழுத்துப் பார்த்தாள். திரையின் ஓரத்தில், மறுபார்வைக்கு மட்டும் தெரியும் சிவப்பு எழுத்தில், 'பொய்' என்று வந்தது.

"அக்கா, என் மாமனார் பைக் ஓட்டப் பழகின கதையை நெனைச்சுக்க" என்றாள் சலோமி பின்னாலிருந்து.

"வேற ஆளுங்க பேசக்கூடாது, பேசினா செல்லாது" என்றார் லோகநாதன். "மறுபார்வை கேட்டவர் மட்டும் பக்கத்துல உக்காரலாம். அவரும் திரையைப் பார்க்கக் கூடாது."

மூன்றரை. மறுபடியும் 'பொய்'. மாதேஸ்வரியின் கழுத்தில் வியர்வை இறங்கியது. அருள்மணி உள்ளே வந்து, அவளுக்கு எதிரே, திரையின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அம்மா, பொழைக்குதோ இல்லையோ. போறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா? பார்க்கத்தான் கூடாது. கேக்கக் கூடாதுன்னு சார் சொல்லலையே."

லோகநாதன் விதிகளை ஒரு முறை மனதில் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மாதேஸ்வரி மெல்லப் படித்தாள். "'சில்லறை இல்லையா? அப்ப முருங்கைக்காய் குடுங்க. மீதி ரெண்டு வெண்டைக்காய் தரேன்.' இதுக்குக் கீழ அம்மா எழுதியிருக்காங்க: இன்றைக்கு அடக்க முடியாமல் எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டேன்."

"ஓடினா, ஓடினா" என்றார் அவர். "தண்ணி குடிக்கப் போறான்னு நெனச்சேன்."

மாதேஸ்வரி நிறுத்தினாள். "நீங்க தூங்கிக்கினு இருந்தீங்களே."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "மூணாவது கொழந்தையும் தங்காமப் போச்சுங்க. அதுக்கப்புறம் அவ பேசறதே கொறஞ்சிட்டுது. சிரிப்புன்றது வீட்லயே இல்ல. ஒரு நாள் கட்டில் குலுங்குது, முழிச்சிட்டேன். அழறா போலன்னு நெனச்சு அசையாமப் படுத்திருந்தேன். பார்த்தா சிரிக்கிறா. முந்தானையை வாயில வச்சு அடைச்சிக்கினு. அவளும் இங்க பக்கத்துல ஏரியூர்க்காரிதான், தண்ணியால பல்லு அப்படி. தூக்கத்துல நான் என்னாவோ ஒளறியிருக்கேன். அடுத்த நாள் எனக்கு ஒளறல் வரல. அதனால முழிச்சிக்கினே ஒண்ணு சொல்லிப் பார்த்தேன்."

"எத்தனை நாளு?"

"எட்டு வருஷம். பகல் பூரா பஸ்ல நின்னுக்கினு யோசிப்பேன், இன்னைக்கு என்னா சொல்லலாம்னு. நான் சொன்னது எனக்குத் தெரியுங்க. எது அவளுக்குப் புடிச்சுதுன்னுதான் தெரியாது. இருட்டுல மூஞ்சி தெரியாதே. அவ எதையெதை எழுதி வச்சான்னு பார்த்தா தெரியுமேன்னு வந்தேன். கடைசி வரைக்கும் நான் நடிச்சதை அவ கண்டுபிடிக்கல. அது ஒண்ணுதான் நான் சாதிச்சது."

மணி நான்காகப் பத்து நிமிடம். மாதேஸ்வரிக்கு இப்போது சிரிப்பு எங்கேயும் இல்லை.  முடிந்தவரை அவருக்குப் படித்துக் காட்டிவிடலாம் என்று, போன வாரம் நேரம் போதாமல் பார்க்காமலே விட்ட அடிப்பகுதிக்குப் போனாள். கடைசியாக எழுதியது மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. குரலைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"'நிறைய பேர் கேட்கிறீர்கள், இவரை டாக்டரிடம் காட்டவில்லையா என்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவருக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் எப்போதோ போய்விட்டது. இப்போது முழித்துக்கொண்டுதான் பேசுகிறார்.'"

அருள்மணி அசையவில்லை.

"'எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பொய் சொன்னால் இவருக்கு வலது கால் மட்டும் தனியாக ஆடும். கல்யாணம் ஆன வாரமே கண்டுபிடித்துவிட்டேன். கண்ணை இறுக்கி மூடி, குறட்டைகூட விட்டுக் காட்டுவார். கீழே கால் மட்டும் தையல் மிஷின்போல் ஓடிக்கொண்டிருக்கும். நான் சிரித்த பிறகுதான் நிற்கும்.'"

 அருள்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவ சும்மா எழுதியிருக்கா" என்றார் கண்டிப்பான குரலில். "அந்தப் பழக்கமெல்லாம் எனக்குக் கெடையவே கெடையாதுங்க."

மேசை லேசாக நடுங்கியது. மாதேஸ்வரி குனிந்து பார்த்தாள். வலது கால் ஓடிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. பழக்கதோஷத்தில் கையும் கிளம்பியது. முகவாய்வரை வந்துவிட்டது. விரல்கள் உதட்டைத் தொடப் போன இடத்தில், அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல், மெல்ல மடியில் கொண்டுபோய் வைத்தாள். வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. எதிரே ஓர் அந்நிய ஆண் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள், தோள் குலுங்க, மூக்கில் நீர் வர, நிறுத்த முடியாமல். அருள்மணி தன் காலைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "அடிப் பாவி" என்றார், அங்கே இல்லாத ஒருத்தியிடம். அப்புறம் அவரும் சிரித்தார். கண்ணீர் காக்கிச் சட்டையில் சொட்டுச் சொட்டாக விழ, அதைத் துடைக்காமலே சிரித்தார். கால் நின்றிருந்தது.

திரையில் சிவப்பு எழுத்து மறைந்து, 'மெய்' என்று பச்சையில் வந்தது. மூன்று ஐம்பத்து நான்கு. ஷபானா அல்லாவை அழைத்தது வாசல் வரைக்கும் கேட்டது.

பச்சை எழுத்தின் கீழே ஒரு படம் விரிந்தது. "இதைப் பக்கத்தின் அடியில் சேர்க்கலாமா?" என்ற கேள்வியும், இரண்டு பொத்தான்களும்.

"யோசிச்சுப் பண்ணுங்கம்மா" என்றார் லோகநாதன். "வேண்டாம்னா பக்கம் நிக்காதுதான், ஆனாலும் யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டோம்."

மாதேஸ்வரி படத்தைப் பார்த்தாள். கை மறைக்காமல் தான் சிரிப்பதை அவளே இதுவரை பார்த்ததில்லை. படத்தில் இருந்தவளுக்குக் கண்கள் இரண்டும் கோடாகிவிட்டிருந்தன. கன்னம் மேலேறி, நெற்றியில் ஒரு முடி ஒட்டி, எங்கிருந்தோ நல்ல சேதி வந்து சேர்ந்தவள்போல் இருந்தாள். இவளிடம் போய்ப் பேசினால் பதில் சொல்வாள் என்று தோன்றியது. இவள் பக்கத்தில் பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்காரலாம். அம்சவேணியும் இருட்டில் இப்படித்தான் இருந்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காக ஒரு மனிதர் எட்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

பல் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவள் விரல் 'சேர்க்கலாம்' என்பதை அழுத்திவிட்டிருந்தது.